3/24: இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனில் நிணநீர் முடிச்சுகளை எடுப்பதும் எண்ணுவதும்

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வரும். அதில் ஒரு பின்னம் இருக்கும்: 3/24, 0/31, 2/9 என்பதுபோல. கீழே இருப்பது லேபில் தேடிக் கண்டெடுத்த நிணநீர் முடிச்சுகளின் எண்ணிக்கை. மேலே இருப்பது அவற்றில் புற்று ஏறியவை. வீட்டில் எல்லோரும் மேல் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கீழ் எண் போதாது என்றால் மேல் எண்ணை நம்ப முடியாது. 2/9 என்பது 3/24-ஐ விட நல்ல சேதி போலத் தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பதில் இரண்டு கிடைத்திருக்கிறது என்றால் தேடாமல் விட்டவற்றில் எத்தனை என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கீழ் எண்ணை இரண்டு பேர் உருவாக்குகிறார்கள். ஒருவர் கொழுப்போடு சேர்த்து முடிச்சுகளை எடுத்து வரும் சர்ஜன். இன்னொருவர் அந்தக் கொழுப்பைத் தடவித் தடவி முடிச்சைப் பொறுக்கும் பத்தாலஜிஸ்ட். இருவரில் யார் அவசரப்பட்டாலும் எண் குறையும்.

எந்த இடம், எந்த எண்

அக்குளிலோ கழுத்திலோ வீங்கினால் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அதே முடிச்சுகள்தான் வயிற்றுக்குள்ளும் இருக்கின்றன. டாக்டர்கள் ‘நோட்’ என்பார்கள். இரைப்பையிலிருந்து கிளம்பும் நிணநீர், ரத்தம் வந்த தமனியின் ஓரமாகவே திரும்பிப் போகும். அதனால் முடிச்சுகளைத் தேட வேண்டிய இடங்கள் தமனிகளின் வரைபடமாகவே அமைந்துவிடுகின்றன. ஜப்பானிய இரைப்பைப் புற்றுநோய்ச் சங்கம் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. உலகம் முழுக்க இந்த எண்கள்தான் புழக்கத்தில் உள்ளன.

1, 2 என்பவை உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் வாயின் வலமும் இடமும். 3 இரைப்பையின் சிறு வளைவு. 4 பெரு வளைவு. 5 இரைப்பை சிறுகுடலுக்குத் திறக்கும் கடைவாயான பைலோரஸுக்கு மேலே, 6 அதற்குக் கீழே. இவை இரைப்பையை ஒட்டியவை. 7 முதல் கொஞ்சம் உள்ளே போகிறோம்: 7 இடது இரைப்பைத் தமனியின் தண்டு, 8 கல்லீரலுக்குப் போகும் பொதுத் தமனி, 9 இவை எல்லாம் பிரியும் சீலியாக் தண்டு, 10 மண்ணீரலின் வாசல், 11 மண்ணீரல் தமனி, 12 கல்லீரல் வாசலுக்குப் போகும் தமனியும் பித்தநாளமும் உள்ள மடிப்பு. 16 பெருந்தமனியை ஒட்டியது.

கீழ்ப்பகுதி இரைப்பையை மட்டும் எடுக்கும்போது 1, 3, 5, 6, 7 ஆகியவற்றையும் 4-இன் கீழ்ப்பகுதிகளையும் எடுத்தால் அது டி1. அதோடு 8-இன் முன்பக்கமும் 9-உம் சேர்ந்தால் டி1+. மேலும் 11-இன் முதல் பாதியும் 12-இன் தமனிப் பகுதியும் சேர்ந்தால்தான் டி2. முழு இரைப்பையை எடுக்கும் டி2-வில் 2-ஆம் இடம், 4-இன் மேல்பகுதி, 11-இன் மறுபாதி ஆகியவையும் சேரும். 10-ஆம் இடம் முன்பு அந்தப் பட்டியலில் இருந்தது. 2018 ஜப்பானிய வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். (கட்டியின் ஆழத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் தமிழில் ‘டி’ என்றே ஒலிக்கும். இந்தக் கட்டுரையில் டி என்றால் முடிச்சு எடுக்கும் அளவு மட்டும்தான்.)

கவனிக்க வேண்டியது: டி2 என்பது எண்ணிக்கை அல்ல, எல்லை. நாற்பது முடிச்சு கிடைத்தும் 11-ஐத் தொடாமல் விட்டிருந்தால் அது டி2 ஆகாது.

யாருக்கு எவ்வளவு

இரைப்பையின் உட்புற அடுக்கான மியூகோஸாவைத் தாண்டாத சிறு கட்டி என்றால் பல நேரம் எண்டாஸ்கோப்பியிலேயே சீவி எடுத்துவிடலாம். அந்த நிலையில் முடிச்சுக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. மியூகோஸாவைத் தாண்டி அடுத்த அடுக்குக்கு இறங்கிவிட்டால் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக உயர்கிறது. ஸ்கேனில் முடிச்சு தெரியாவிட்டாலும் அங்கே டி1 அல்லது டி1+ தேவை. தசை அடுக்கு வரை போய்விட்டாலோ, ஸ்கேனில் முடிச்சு சந்தேகமாகத் தெரிந்தாலோ டி2.

சிடி ஸ்கேனை ரொம்ப நம்பக் கூடாது. குறுக்களவு 8 அல்லது 10 மி.மீ. தாண்டினால் சந்தேகம் என்று எழுதுவார்கள். ஆனால் 4 மி.மீ. முடிச்சிலும் புற்று இருக்கும், 12 மி.மீ. முடிச்சு வெறும் அழற்சியாலும் வீங்கியிருக்கும். ஆழமான கட்டி என்றால் பெரிய ஆபரேஷனுக்கு முன் லேப்ராஸ்கோப் விட்டு வயிற்றுச் சவ்வைப் பார்த்து, உப்புநீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரில் புற்றுசெல் இருக்கிறதா என்று சோதிப்பது வழக்கம். இருந்தால் அது நான்காம் கட்டம். அன்றைக்கு டி2 செய்து பயனில்லை. ஸ்கேனில் தெரியாத பரவலை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும் என்பதால், ‘ஏன் முதலில் ஒரு துளை ஆபரேஷன்?’ என்று வீட்டார் தயங்க வேண்டியதில்லை.

மேசையில் நடப்பது

திறந்த ஆபரேஷனோ லேப்ராஸ்கோப்பியோ, செய்யும் வேலை ஒன்றே. வரிசை சர்ஜனுக்குச் சர்ஜன் மாறும். கீழ்ப்பகுதி இரைப்பைக்கான டி2 பொதுவாக இப்படிப் போகும்.

முதலில் குறுக்குப் பெருங்குடலிலிருந்து கொழுப்புத் திரையைப் பிரித்து, இரைப்பைக்குப் பின்னால் உள்ள பைக்குள் நுழைகிறார்கள். இடது பக்கமாகப் போய், மண்ணீரலின் கீழ்முனை அருகே பெரு வளைவின் இடது தமனியை வேரில் கட்டி வெட்டினால் 4-இன் இடது பகுதி வந்துவிடும். இங்கே நடக்கும் விபத்து எப்போதும் ஒன்றுதான்: திரையைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் மண்ணீரலின் மேலுறை கிழிந்து ரத்தம் கசியும். பெரும்பாலும் பஞ்சு வைத்து அழுத்தினாலே நின்றுவிடும். நிற்காமல் மண்ணீரலை எடுக்க நேர்ந்தால் சங்கடம் இரட்டிப்பாகும். மீதி வைக்கப்போகும் மேல் இரைப்பைக்கு ரத்தம் வருவதே மண்ணீரல் பக்கத்துக் குட்டைத் தமனிகளிலிருந்துதான். அவையும் போனால் மீதி இரைப்பையும் அழுகக்கூடும். முழு இரைப்பையையும் எடுக்க வேண்டி வரலாம்.

அடுத்து வலது பக்கம், 6. கீழ்ப்பகுதிக் கட்டி அதிகம் பரவும் இடங்களில் இது ஒன்று. டி2-வில் கை நிதானமாக வேண்டிய இடமும் இதுதான். கணையத்தின் தலை மேல் மெல்லிய ஏடு போலக் கொழுப்பு படிந்திருக்கும். முடிச்சு அதற்குள் இருக்கும். பெரு வளைவின் வலது சிரை கீழே இறங்கி, கணையத் தலையிலிருந்து வரும் சிறு சிரையோடும் பெருங்குடலிலிருந்து வரும் சிரையோடும் சேர்ந்து ஹென்லே தண்டு என்ற சிறு தண்டாகி, மேல் குடல் சிரையில் விழுகிறது. வெட்ட வேண்டியது இரைப்பைச் சிரையை மட்டும், கணையச் சிரை வந்து சேரும் புள்ளிக்கு மேலே. அதற்குக் கீழே போனால் ரத்தம் கொட்டும். அவசரத்தில் கிளிப் போடப் போனால் கணையம் நசுங்கும். அல்ட்ராசோனிக் கத்தியின் சூடான தாடை கணையத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. குளிர்ந்த தாடைதான் அந்தப் பக்கம். கணையத்தைக் கருவியால் நேராக அழுத்துவதும் கூடாது. இடையில் காஸ் துணி வேண்டும். மூன்றாம் நாள் டிரெயினில் (வயிற்றுக்குள்ளிருந்து கசிவை வெளியே எடுக்க வைக்கும் குழாய்) தலைகாட்டும் கணையக் கசிவுக்கு வித்து பெரும்பாலும் இந்த நிமிடங்களில்தான் விழுகிறது.

பிறகு சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தைப் பைலோரஸுக்குச் சற்றுக் கீழே ஸ்டேப்ளரால் வெட்டி, வலது இரைப்பைத் தமனியை வேரில் கட்டி, 5-ஐயும் 12-இன் தமனிப் பகுதியையும் எடுக்கிறார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டு போகும் போர்ட்டல் சிரையின் இடது ஓரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் இந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

கணையத்தின் மேல் விளிம்பு வழியாக இடதுபுறம் போனால் 8. அங்கே இடது இரைப்பைச் சிரை காத்திருக்கும். அது ஒருவருக்குத் தமனிக்கு முன்னால் ஓடும், இன்னொருவருக்குப் பின்னால். ஒருவருக்குப் போர்ட்டல் சிரையில் விழும், இன்னொருவருக்கு மண்ணீரல் சிரையில். சிடி படத்தில் முந்தின நாளே தேடி வைத்துக்கொள்வது நல்ல சர்ஜனின் பழக்கம். 9-ஐச் சுத்தம் செய்து இடது இரைப்பைத் தமனியை வேரில் இரட்டைக் கிளிப் போட்டு வெட்டும்போது 7-உம் வந்துவிடும். வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தத் தமனியிலிருந்து கல்லீரலின் இடது பாகத்துக்குக் கிளை போகிறதா? பத்தில் ஒருவர், இருவருக்கு இருக்கும். அந்தப் பாகத்துக்கு அது மட்டுமே ரத்தம் தருகிறது என்றால், வேரில் வெட்டிய கொஞ்ச நேரத்தில் கல்லீரலின் இடது பாகம் கருக்கும்.

மண்ணீரல் தமனி ஓரமாகப் பாதி தூரம் போனால் 11-இன் முதல் பாதி. பின்னால் மண்ணீரல் சிரை தெரியும் வரை எடுக்க வேண்டும். தமனியின் முன்பக்கத்தை மட்டும் சீவிவிட்டு 11 எடுத்ததாக எழுதுவது ஏமாற்று வேலை. கடைசியாகச் சிறு வளைவை உரித்து 1, 3. பிறகு இரைப்பையை வெட்டி, குடலோடு இணைக்கிறார்கள்.

சீலியாக் தண்டைச் சுற்றியுள்ள நிணக்குழாய்களை அறுத்த பிறகு அப்படியே விடக் கூடாது. கிளிப்போ சூடோ கொடுத்து மூட வேண்டும். விட்டால் பின்னால் பால் போன்ற கசிவு வரும்.

முடிச்சைத் தனியாக இடுக்கியால் பிடிப்பது பெரிய தப்பு. உடைந்தால் உள்ளே இருக்கும் செல் வயிற்றுக்குள் சிந்தும். அதனால்தான் கொழுப்பைச் சுற்றியுள்ள உறையோடு ஒரே பாளமாக எடுத்து வருகிறார்கள்.

இப்போது முடிச்சுகளை ஒளிர வைத்துக் காட்டும் இண்டோசயனின் கிரீன் சாயம் சில இடங்களில் உதவிக்கு வருகிறது. சீனாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், முந்தின நாள் எண்டாஸ்கோப்பி வழியாகக் கட்டியைச் சுற்றி நான்கு புள்ளிகளில், ஒவ்வொன்றிலும் அரை மி.லி. போட்டார்கள். சாயம் போட்ட குழுவில் சராசரி 50.5 முடிச்சுகள், போடாத குழுவில் 42. ஊசி சுவரைத் தாண்டிவிட்டால் வயிறு முழுக்கப் பச்சையாக ஒளிரும், எதையும் பிரித்தறிய முடியாது.

இவ்வளவு எடுப்பது அவசியமா

இந்தக் கேள்விக்காக நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஜப்பானிலிருந்து சர்ஜன் போய்க் கற்றுக்கொடுத்தும், டி2 செய்தவர்களில் 10 சதவீதம் பேர் ஆபரேஷனை ஒட்டியே இறந்தார்கள். டி1-இல் 4 சதவீதம். டி2 தோற்றது என்று எழுதி மூடிவிட்டார்கள். 15 வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது படம் மாறியிருந்தது: இரைப்பைப் புற்றுநோயாலேயே இறந்தவர்கள் டி1-இல் 48 சதவீதம், டி2-வில் 37. ஆரம்பத்தில் உயிரை வாங்கியதில் பெரும்பங்கு, முழு இரைப்பையை எடுக்கும்போது மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் வழக்கமாகச் சேர்த்து எடுத்ததற்கு. அவற்றை விட்டுவைத்து டி2 செய்வதுதான் இன்றைய முறை. ஜப்பானில் மண்ணீரலை எடுத்தும் விட்டும் ஒப்பிட்டதில் ஐந்து வருட உயிர்வாழ்வு 75.1-உம் 76.4-உம், எடுத்து எந்த லாபமும் இல்லை. இன்னும் ஆழமாக 16-ஆம் இடம் வரை போனால் நல்லதா என்றும் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: ஐந்து வருட உயிர்வாழ்வு டி2 மட்டும் செய்தவர்களில் 69.2, 16 வரை போனவர்களில் 70.3. அதிலும் லாபம் இல்லை. ஆக, டி2 வரை போ, அதற்கு மேல் வழக்கமாகப் போகாதே.

லேபில் எண் எங்கே தொலைகிறது

எடுத்த கொழுப்பை ஆபரேஷன் தியேட்டரிலேயே, ஃபார்மலினில் போடும் முன், இடம் வாரியாகப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் எண் எழுதி அனுப்புவது ஜப்பானிய வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. புதுக் கொழுப்பில் முடிச்சு விரலுக்குப் பருப்பு போல உருளும். பாளத்தை மொத்தமாக அனுப்பிவிட்டால் எது 8, எது 11 என்று பத்தாலஜிஸ்டுக்குத் தெரிய வழியில்லை. ரிப்போர்ட்டில் மொத்த எண் மட்டும் வரும்.

ஃபார்மலின் 10 சதவீதக் கரைசலாக, திசுவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு அளவு வேண்டும். சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் நடுப்பகுதி பதப்படாமல் கெட்டுப்போகும். பெரிய முடிச்சை 2, 3 மி.மீ. துண்டுகளாக வெட்டுவார்கள். அந்தத் துண்டுகள் வெவ்வேறு கேசட்டில் (திசுவை வைக்கும் சிறு பெட்டி) போனால் ஒரே முடிச்சு இரண்டாக எண்ணப்படும். கீழ் எண் பொய்யாக ஏறும். தலைகீழாக, 3 மி.மீ. முடிச்சுகளைக் கொழுப்பு என்று ஒதுக்கிவிட்டால் எண் பொய்யாக இறங்கும். முன்பே கீமோ எடுத்தவர்களுக்கு முடிச்சுகள் சுருங்கித் தழும்பாகிவிடுவதால் தேடுவது இன்னும் சிரமம்.

குறைந்தது 16 முடிச்சு பார்க்க வேண்டும் என்பது விதி. 30-க்கு மேல் என்றால் நல்லது. 16 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. முடிச்சுப் பரவலின் படியை ‘என்’ என்று குறிப்பார்கள். புற்று ஏறிய முடிச்சு 1, 2 என்றால் என்1. 3 முதல் 6 வரை என்2. 7 முதல் 15 வரை என்3ஏ. 16-உம் மேலும் என்றால் என்3பி. பதினாறையாவது பார்க்காமல் கடைசிப் படியில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லவே முடியாது.

இப்போது ஒரு கணக்கு. தசையைத் தாண்டிவிட்டது, வெளியுறையைத் துளைக்கவில்லை என்ற ஆழத்தில் ஒரு கட்டி. முடிச்சு 2/9 என்றால் என்1, கட்டம் 2பி. அதே ஆளின் மீதிக் கொழுப்பில் இன்னும் ஒரே ஒரு முடிச்சில் புற்று இருந்திருந்தால் 3. அது என்2, கட்டம் 3ஏ. நோயாளி ஒருவரே, நோயும் ஒன்றே. பொறுக்கியவரின் பொறுமை மட்டும் வேறு. எனவே கீழ் எண் 16-க்குக் குறைவு என்றால், மீதித் திசுவில் இன்னொரு முறை தேட முடியுமா என்று டாக்டர் வழியாக லேபைக் கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். மீதித் திசுவைப் பெரும்பாலும் சில வாரங்களே வைத்திருப்பார்கள்.

இரைப்பையை ஒட்டிய கொழுப்பில் முடிச்சின் அமைப்பே இல்லாமல் புற்றுக் குமிழ் மட்டும் கிடந்தால், அதையும் புற்று ஏறிய முடிச்சாகவே கணக்கில் சேர்ப்பார்கள். ரிப்போர்ட்டில் ‘டெபாசிட்’ என்று இருந்தால் அது சேர்ந்ததா என்று கேளுங்கள்.

இந்தப் பின்னம் மருந்தையும் தீர்மானிக்கிறது. முன்பே கீமோ எடுக்காமல் டி2 முடித்து, கட்டம் 2 அல்லது 3 என்றால் பொதுவாகக் கேபசிட்டபின், ஆக்ஸாலிபிளாட்டின் ஆறு மாதம். ரேடியேஷன் தேவையா என்பது எவ்வளவு முடிச்சு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கீமோவோடு ரேடியேஷன் கொடுப்பது நல்லது என்று 2001-இல் காட்டிய அமெரிக்க ஆய்வில் டி2 செய்துகொண்டவர்கள் 10 சதவீதம்தான். பாதிக்கு மேல் டி1 கூட முழுதாக ஆகாதவர்கள். ஒழுங்கான டி2 ஆனவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

வார்டில் டிரெயினைப் பார்ப்பது

முதல் நாள் இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம், இது சரி. கலங்கி, பழுப்பாக, நாற்றத்தோடு வந்தால் கணையக் கசிவு அல்லது டியோடின முனைக் கசிவு. மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெயின் நீரில் கணைய நொதியான அமைலேஸ், ரத்தத்துக்கான உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கு தாண்டினால் கணையக் கசிவு என்று எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல் இல்லை, ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் டிரெயினை வைத்துப் பொறுத்திருந்தாலே பெரும்பாலும் அடங்கும்.

சாப்பிடத் தொடங்கியதும் பால் நிறத்தில் வந்தால் நிணக்கசிவு. அந்த நீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மி.கி. தாண்டியிருக்கும். கொழுப்பைக் குறைத்து, நிணக்குழாயைத் தவிர்த்து நேராக ரத்தத்துக்குப் போகும் எம்சிடி எண்ணெயில் சமைக்கச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் போதுமே என்று வீட்டில் கேட்பார்கள். போதாது. அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு நிணக்குழாய் வழியாகவே போகும், கசிவு நிற்காது.

காய்ச்சல் இல்லாத கணையக் கசிவும் நிணக்கசிவும் காத்திருக்கும். காத்திருக்காதது ஒன்று உண்டு: ஐந்தாறு நாள் கழித்து, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது டிரெயினில் திடீரென்று கொஞ்சம் புது ரத்தம், தானாக நின்றும்விடும். நின்றுவிட்டதே என்று தூங்கப் போகக் கூடாது. கணையநீர் அரித்த தமனிச் சுவர் பலூன் போல உப்பி வெடிக்கப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். நள்ளிரவானாலும் நர்ஸிடம் சொல்ல வேண்டும். அப்போதே சிடி ஆஞ்சியோ எடுத்தால் ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு அடைத்துவிட முடியும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் ஆபரேஷன் நோட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த எண் இடங்கள் எடுத்தார்கள், மண்ணீரல் இருக்கிறதா என்பது அதில்தான் இருக்கும். மண்ணீரல் போயிருந்தால் நிமோனியா, மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசிகள் வேண்டும். அவசரமாக எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். முழு இரைப்பையும் போயிருந்தால் வைட்டமின் பி12 ஊசி ஆயுளுக்கும். பொதுவாக மாதம் 1000 மைக்ரோகிராம். கல்லீரலின் சேமிப்பு ஓரிரு வருடம் தாங்கும் என்பதால் ஊசியை மறந்தவருக்குக் கால் மரத்துப்போவது தாமதமாகத்தான் தெரியும்.